பால்பாண்டி வண்டியின் முன்சக்கரம்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில், ஊர் முடிந்ததா இல்லையா என்று சந்தேகம் வருகிற இடத்தில், இடது கைப்பக்கம் ஒரு தெரு உள்ளே போகும். பேர் கம்மாக்கரைத் தெரு. கம்மாயும் கிடையாது, கரையும் கிடையாது, குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம்; பேரில் மட்டும் குளுமைக்குக் குறைச்சல் இல்லை. அந்தத் தெருவில்தான் ஒரு மோட்டார்சைக்கிளின் முன்சக்கரம், மாசி வெயில் ஏற ஆரம்பித்த ஒரு மத்தியானத்தில் சுழலத் தொடங்கி, பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற வரைக்கும் நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தது. கரண்டு இல்லை, பெல்ட் இல்லை, தள்ளிவிட ஆள் இல்லை. சும்மா ஓடியது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் என்ன கம்பெனி வண்டி என்று கேட்கிறார்கள். கம்பெனியா முக்கியம், ஆளையல்லவா கேட்க வேண்டும்.

ஆள் உச்சிமாகாளி. மெக்கானிக். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். என்ஜின் என்றால் அவர் கை பட்டதும் சொன்னபடி கேட்கும். நாலு கடை ஏறி இறங்கியும் ஸ்டார்ட் ஆகாத வண்டிகூட அவர் வாசலில் ஒரே மிதியில் கிளம்பியிருக்கிறது. ஆனால் சக்கரம் மட்டும் அந்த மனுஷனுக்கு வசப்படவே இல்லை. கம்பி கோத்து, கோட்டம் எடுத்து, ஈயம் சுற்றி, அவர் கையால் மாட்டி அனுப்பிய சக்கரம் ஒவ்வொன்றும் வேகம் பிடித்ததும் ஹேண்டில்பாரைப் பிடித்து உலுக்கும். ரோட்டில் எவனாவது குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி ஆடிக்கொண்டு போனால், "என்னப்பா, உச்சி கடையில இருந்தா வார?" என்று எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பார்கள். உச்சிமாகாளிக்கும் அது கேட்கும். கேட்காத மாதிரி ஸ்பேனரைத் தேடுவார். ரிம் மாற்றுகிறவர்கள் எல்லாம் பைபாஸ் பக்கம் போய்விட்டார்கள். அதைப்பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை, ஆனால் உள்ளுக்குள் அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

அப்படிப்பட்டவரிடம் வேலுத்தாய் ஏன் வந்தாள் என்றால், லோடு ஆட்டோக்காரன் அதற்கு மேல் போக மாட்டேன் என்று வண்டியை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். விதி என்று சொல்லுங்கள், ஆட்டோவில் டீசல் இல்லை என்று சொல்லுங்கள், உங்கள் இஷ்டம்.

அவள் புருஷன் பால்பாண்டி கடலைமிட்டாய் லைன் போடுகிறவன். வண்டிக்குப் பின்னால் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டு, கரிசக்காட்டு ஊர்களில் உள்ள பெட்டிக்கடைகளுக்கெல்லாம் ஒன்றுவிடாமல் போய், காலி ஜாடியை நிரப்பிவிட்டு வருவான். குழாய் பதிக்கத் தோண்டி, மூடியும் மூடாமலும் விட்டிருந்த ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியதில், ரிம் நெளிந்த தாம்பாளமாகிவிட்டது, பால்பாண்டிக்கு இடுப்பெலும்பு விட்டுவிட்டது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலுத்தாய் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். மொபெட் ஓட்டத் தெரியும். கியர் வண்டியை அண்ணன் வீட்டு வாசலில் ஓட்டிப் பழகிக்கொண்டாள்.

"ரிம்மை மாத்திக் குடுங்க அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை நான் லைனுக்குப் போகணும்," என்றாள்.

"நீயா தாயி போகப்போற?"

"வேற யாரு போவா? ஜாடி காலியா இருந்தா இன்னொருத்தன் ஜாடிய கொண்டாந்து வச்சிருவான். அந்த இடம் போச்சுன்னா போனதுதான். அவரு இத்தன வருசம் ஓடி ஓடிப் பிடிச்ச லைன். அது கையை விட்டுப் போயிட்டா அவரு எந்திரிச்சு நடந்து என்னத்துக்கு?"

உச்சிமாகாளி பைபாஸ் பக்கம் போகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அவள் அதற்குள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடியே போய்விட்டாள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது தலையும் புரியாது, வாலும் புரியாது. புது ரிம் மாட்டிய சக்கரத்தில் ஏதாவது ஓரிடம் மற்ற இடத்தைவிட ஒரு பொட்டு கனமாக இருக்கும். அச்சைக் கோத்து, இரண்டு இரும்புக் கால்களுக்கு நடுவே அந்தச் சக்கரத்தை நிறுத்தி லேசாகச் சுழற்றிவிட்டால், அது சுற்றிச் சுற்றிக் களைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் ஆடி, கனத்த இடம் தரையைப் பார்க்கிற மாதிரி நிற்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டுக்கு நேர் எதிரே, கம்பியில் கொஞ்சம் ஈயத்தைச் சுற்ற வேண்டும். மறுபடி சுழற்ற வேண்டும். மறுபடியும் கோடு கீழே வந்தால் இன்னும் கொஞ்சம் ஈயம். கோடு இன்ன இடம் என்றில்லாமல், நாம் எங்கே விட்டாலும் அங்கேயே என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்கு வேலை முடிந்தது. உச்சிமாகாளியின் வாழ்க்கையில் கோடு எப்போதும் கீழேதான் வந்தது.

அன்றைக்கும் அவர் கம்பி கோத்தார், கோட்டம் எடுத்தார், டியூப் டயர் மாட்டிக் காற்றடித்தார், கோடு போட்டார், ஈயம் சுற்றினார். கோடு கீழே வந்தது. இன்னும் கொஞ்சம் சுற்றினார். அப்போதும் வந்தது. வெறுத்துப்போய் கையில் மிச்சமிருந்த துண்டு ஈயத்தையும் சுற்றி, ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, சாப்பிடப் போனார். புளிக்குழம்பும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தால், சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உச்சிமாகாளி முக்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கார்பரேட்டரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. "சரி," என்றார், வேறென்ன சொல்ல.

முதலில் பார்த்தது டீக்கடை மரியசெல்வம்தான். பார்த்தவன் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "ஓடுதே," என்றான். உச்சிமாகாளி, "ஓடுது," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் தெருவே வந்து பார்த்துவிட்டது. யாரும் மூக்கின் மேல் விரலை வைக்கவில்லை, யாரும் எப்படி என்று கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் எல்லோருக்கும் அந்தச் சக்கரத்திலிருந்து ஒரு காற்று வருவது தெரிந்துவிட்டது. சன்னமான காற்று. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, எண்ணெய் காணாத தலைமுடியைக் கொஞ்சம் அசைத்துவிட்டுப் போகிற காற்று. அந்தக் கரிசல் வெக்கையில், கரண்டு போய்ப் போய் வருகிற அந்த மாசியில், அதைவிட வேறென்ன வேண்டும் மனுஷனுக்கு?

தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து சக்கரத்துக்கு முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். பசை சீக்கிரம் காய்ந்தது. தொட்டிலில் அடங்காத பிள்ளைகள் கம்பிகள் மினுங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணயர்ந்தன. ஒரு சுவரை நடுவில் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த மச்சினன்மார் இரண்டுபேர், ஆளுக்கொரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்து, எப்போது என்று அவர்களுக்கே தெரியாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். மின்சார ஆபீசிலிருந்து ஒருவர் கொக்கி போட்டுக் கரண்டு திருடுகிறார்களோ என்று சந்தேகப்பட்டு வந்து, ஸ்டாண்டின் அடியில் குனிந்து, நிமிர்ந்து, வயர் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். யாரோ ஸ்டாண்டு காலில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், யாரோ மெழுகுவத்தி ஏற்றினார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்கிற வழக்கம் அந்தத் தெருவில் நின்றே போனது. ஒருவரை ஒருவர் பார்த்தால், "ஓடுதா?" என்பார்கள். "ஓடுது," என்று பதில் வரும். சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் அதிலேயே வயிறு நிறைந்துவிடும்.

உச்சிமாகாளிக்கு வந்த மரியாதையைச் சொல்ல வேண்டுமா? கேலி பேசிய வாயெல்லாம் அண்ணாச்சி, அண்ணாச்சி என்றது. டீ தானாக வந்தது. மனுஷன் வேட்டியை வெளுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை வேலுத்தாய் வந்தாள். அவள் வண்டி முன்சக்கரம் இல்லாமல், ஒரு பழைய டயர்மேல் முட்டி போட்டு நின்றுகொண்டிருந்தது.

"ஓடிக்கிட்டு இருக்கே தாயி," என்றார் உச்சிமாகாளி.

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். "எப்ப நிக்கும்?"

"அது தெரியலையே."

அடுப்பில் சோறு இன்னும் வேகவில்லை என்றால் காத்திருப்பதில்லையா, அந்த மாதிரி அவள் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள், அதே பதில்தான். இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சக்கரத்தை நிறுத்துவதற்கு யானைப் பலம் வேண்டுமோ என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். டயர்மேல் உள்ளங்கையை வைத்தால் நின்றுவிடுமோ என்னவோ. ஆனால் நின்றபின் திரும்ப ஓடாவிட்டால்? அந்த எண்ணம் வந்ததுமே கைகள் எல்லாம் மடிக்குள் போய்விட்டன. உச்சிமாகாளியின் கையும்தான்.

இதற்கிடையில் தெரு சும்மா இருக்குமா, கமிட்டி போட்டார்கள். மரியசெல்வம் தலைவர். சக்கரத்துக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல், சுற்றிலும் கம்பி கிரில், கிரில்லுக்குப் பூட்டு, சாவி தலைவரின் அரைஞாண் கயிற்றில். அவர்களும் மனுஷர்கள்தானே, வேலுத்தாயை நினைத்துப் பார்க்காமல் இல்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு சக்கரத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, "ஏய்யா உச்சி, அந்தப் பிள்ளைக்கு இதைச் சரி பண்ணிக் குடுத்துருவோம்யா. இப்பத்தான் உமக்குக் கை வந்துருச்சே," என்றான் மரியசெல்வம்.

உச்சிமாகாளி நெஞ்சு நிறைய நம்பிக்கையோடு உட்கார்ந்தார். அதே கம்பி, அதே ஈயம், அதே கை. கோடு கீழே வந்தது. எத்தனை தரம் சுற்றினாலும் கோடு கீழேயே வந்தது. ஆனாலும் வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அதை மாட்டிக் கொடுத்துவிட்டார், அதுதான் அவர் செய்த தப்பு.

வேலுத்தாய் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பினாள். ரோட்டில் வேகம் பிடித்ததும் ஹேண்டில்பார் அவள் கையை உதறியது. முதல் ஊர் வருவதற்குள் விழுந்துவிட்டாள். முழங்கை தோல் உரிந்து, பெட்டி உடைந்து, மிட்டாயெல்லாம் கரிசல் மண்ணில் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள்.

அவள் முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த மறுநாள்தான் கமிட்டிக்காரர்கள் வரி கேட்டுப் போனார்கள். பங்குனிப் பொங்கலோடு சேர்த்துச் சக்கரத்துக்கும் ஒரு கொடை விழா நடத்துவது என்றும், சக்கரத்தால் சம்பந்தப்பட்ட எல்லா வீட்டுக்கும் வரி என்றும் முடிவாகியிருந்தது. சம்பந்தப்பட்ட வீடு என்று பார்த்தால் வேலுத்தாய் வீடுதானே முதல் வீடு! அதனால் பேரேட்டில் முதலில் அவள் பேரைப் போட்டிருந்தார்கள். சொந்தச் சக்கரத்துக்கு அவளிடமே வரி கேட்கிறோமே என்று ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. கட்டிலில் மல்லாந்து கிடந்த பால்பாண்டி, விழுந்த நாளிலிருந்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். சிரித்தால் இடுப்பு வலிக்கும், வலியோடேயே சிரித்தான். அவன் சிரிப்பு முடிகிறபோது அழுகையாக இருந்தது.

வேலுத்தாய் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "நீங்க போங்க, நான் வாரேன்," என்றாள்.

அவள் வந்து தெருவை நாறடிக்கப்போகிறாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. மத்தியானம் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள், தீப்பெட்டி ஒட்டுகிறவர்களோடு சாக்கில் இடம் கேட்டு உட்கார்ந்தாள். கிரில்லுக்குள் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. காற்று அவள் முழங்கைக் காயத்தில் பட்டது. அவளுக்கும் கண் செருகியது, அதை மறைக்க என்ன இருக்கிறது. பக்கத்திலிருந்தவள் தோளில் சாய்ந்துகொள்ளச் சொன்னாள், சாய்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி," என்றாள் உச்சிமாகாளியிடம். "நீங்க விடமாட்டாம இருக்கதும் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவரு படுத்த படுக்கையில முதுகு வெந்து கிடக்காரு. இந்தக் காத்து அங்க வரல."

தீப்பெட்டிப் பெண்கள் கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்தார்கள்.

"பாதிக் கடையில வேற ஆளு ஜாடிய வச்சிட்டான். மிச்சக் கடைக்காரங்க இந்த வெள்ளிக்கிழமைக்கு மேல பாக்க மாட்டோம்னு சொல்லிட்டாக. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நேத்து மாட்டிக் குடுத்தீகளே, அது ஆடி என்னைத் தூக்கிப் போட்டுச்சு. இது ஆடாதுல்ல? இது சரியா இருக்கா?"

உச்சிமாகாளி பூட்டிக் கிடந்த கிரில்லைப் பார்த்தார்.

"நின்னாத்தான தாயி அது தெரியும்," என்றார். "கோடு எங்க நிக்குதுன்னு பாக்கணும்லா."

"அப்ப நீங்க இன்னும் பாக்கவே இல்லையா?"

"பாக்கல."

"ஏன் அண்ணாச்சி?"

அத்தனை பேர் முன்னாலும் அந்த மனுஷன் சொல்லிவிட்டார். "பயமா இருந்துச்சு தாயி. ஓடுற வரைக்கும் நல்ல பேரு. நின்ன பெறவு கோடு கீழ வந்துட்டா நான் பழைய உச்சிதான்."

வேலுத்தாய் சாக்கிலிருந்து எழுந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. "ஆடுனா ஆடட்டும்," என்றாள். "கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவுல நான் ஆடாத ஆட்டமா? இறுக்கிப் பிடிச்சு ஓட்டிக்கிடுதேன். நிறுத்திக் குடுங்க."

எல்லோரும் மரியசெல்வத்தைப் பார்த்தார்கள். அவன் இடுப்பில்தானே சாவி. அவன் டீக்கடையை விட்டுவிட்டு வந்து கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நின்னா திரும்ப ஓடுமாய்யா உச்சி?"

"ஓடாது செல்வம். ஓடும்னு எனக்குத் தோணல."

"அப்ப ஒருவாட்டி பாத்துக்கிடுறேன்," என்று சொல்லிவிட்டு அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கடையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது, அப்போதும் நின்றான். தெருவே பார்த்தது, பிள்ளைகளை எழுப்பிப் பார்க்கச் சொன்னார்கள், மச்சினன்மார் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று பார்த்தார்கள். பிறகு மரியசெல்வம் அரைஞாணைத் தளர்த்திச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு ஒதுங்கினான்.

உச்சிமாகாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்து, டயர்மேல் வைத்தார். சக்கரம் ஒரு முரண்டும் பண்ணவில்லை. யாராவது போதும் என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி, வைத்த கைக்குக் கட்டுப்பட்டு நின்றுவிட்டது. காற்று நின்றது. அதுவரை மறந்துபோயிருந்த வெக்கை, தெருவின் இரண்டு முனையிலிருந்தும் ஏறி வந்தது.

அவர் சாக்பீஸ் கோட்டைத் தேடிப் பிடித்துப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தார். கோடு கீழே இறங்க வேண்டுமென்றால் இப்போது இறங்க வேண்டும். கையை எடுத்தார்.

இறங்கவில்லை.

கோட்டை உச்சிக்குக் கொண்டுபோய் விட்டார். அங்கேயே நின்றது. மறுபக்கம் விட்டார், அங்கேயும் நின்றது. சரிவாக, இரண்டுங்கெட்டானாக ஓரிடத்தில் விட்டுப் பார்த்தார். விட்ட இடத்தில் நின்றது. அந்த மனுஷன் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு தரம் விட்டுப் பார்த்தார், எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் தெருவுக்கு விஷயம் புரிந்தது. இத்தனை நாள் நிற்காமல் ஓடியதைப் பார்த்து ஒருத்தரும் கைதட்டவில்லை. நின்ற சக்கரத்தைப் பார்த்துத் தெருவே கைதட்டியது.

"என்ன அண்ணாச்சி, சரியா இருக்கா?" என்றாள் வேலுத்தாய்.

"இருக்கு தாயி," என்றார் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நல்லா இருக்கு. ஒரு கையில ஓட்டலாம்."

"ரெண்டு கையிலயே ஓட்டிக்கிடுதேன். மாட்டுங்க, நேரமாகுது."

மரியசெல்வம் வண்டியைத் தூக்கிப் பிடித்தான், உச்சிமாகாளி ஆடுகிற சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். தீப்பெட்டிப் பெண்கள் தங்கள் தட்டைக் கட்டுகிற கயிற்றைக் கொடுத்தார்கள் பெட்டி கட்ட. பேரேட்டில் வேலுத்தாயின் பேரை யாரோ அடித்துவிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் தெரு முனையிலிருந்து ரோட்டில் ஏறினாள். கியர் ஒரு தரம் கரகரத்து, இரண்டாம் தரம் சரியாக விழுந்தது. ஹேண்டில்பார் ஆடவில்லை. பாலம் தாண்டி அவள் மறைகிற வரைக்கும் உச்சிமாகாளி அந்தச் சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். இழந்த கடைகளில் ஒன்றிரண்டை அவள் அந்தப் பங்குனியிலேயே திரும்பப் பிடித்துவிட்டாள் என்று கேள்வி. மிச்சம் கிடைக்கவில்லை, அதை நினைத்தால் உச்சிமாகாளிக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

அந்தத் தெருவுக்குக் காற்று திரும்ப வரவில்லை. பந்தலைப் பிரித்துவிட்டார்கள், கிரில்லை யாரோ கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உச்சிமாகாளி அதற்குப் பிறகு கோத்த சக்கரங்கள் சிலது ஆடுகின்றன, சிலது ஆடவில்லை. ஆனால் பழகிய வாய் பழகியதுதானே. வெக்கையில் விசிறிக்கொண்டு அவர் கடையைத் தாண்டிப் போகிறவர்கள் இன்றைக்கும் ஒருநாள் தவறாமல் கேட்கிறார்கள், "ஓடுதா அண்ணாச்சி?"

அவர் காலி ஸ்டாண்டைப் பார்ப்பதில்லை. எட்டயபுரம் ரோட்டைப் பார்க்கிறார்.

"ஓடுது," என்கிறார்.